முதல் ஏகே வகை ரைஃபிள்: செர்பியத் தயாரிப்பா, ருமேனியத் தயாரிப்பா?

வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஹூஸ்டனில் வசிக்கும் நான், சுடுதளப் பயிற்சிக்காக 7.62×39 மி.மீ. தோட்டா ஏற்கும் அரைத் தானியங்கி ரைஃபிள் ஒன்றை வரி உட்பட 1,200 டாலருக்குள் இம்மாத இறுதியில் வாங்க விரும்புகிறேன். இரண்டில் எதைத் தேர்வது என்பதில்தான் முடிவுக்கு வர இயலவில்லை.

முதலாவது, செர்பியாவின் ஸாஸ்தவா இஸட்பாப் எம்70. 1.5 மி.மீ. தகட்டாலான ரிசீவர் (இயங்கும் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதி), அகன்ற முன் ட்ரனியன் (குழலை ரிசீவரோடு பிணைக்கும் உலோகக் கட்டை), குரோம் பூச்சுள்ள குழல் ஆகியவை நம்பிக்கை தருகின்றன. ஆனால் எடை கூடுதல், யூகோஸ்லாவிய அமைப்பாதலால் வழக்கமான ஏகேஎம் (ஏகே-47இன் மேம்பட்ட சோவியத் வடிவம்) முன்பிடியும் பின்கட்டையும் இதற்குப் பொருந்தா. இரண்டாவது, ருமேனியாவின் குகிர் ஆலையில் உருவாகும் வாசர்-10. இது இலகுவானது, உதிரிப் பாகங்களும் எளிதில் கிடைக்கும், மெருகுதான் முரடு.

கடையில் இரண்டையும் கையில் எடுத்து, ரிவெட்டுகள் தகட்டோடு படிந்திருக்கின்றனவா, மேகசின் ஆடுகிறதா என்று பார்த்தேன். ஒரு வாசரின் முன்குறி, பின்னாலிருந்து நோக்கும்போது கண்ணுக்குத் தெரியுமளவு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்தில் எம்70 மட்டுமே இருந்ததால், சுட்டுப் பார்த்து ஒப்பிட வழியில்லை. வார்ப்பு ட்ரனியன் கொண்டவற்றை, விலை எவ்வளவு குறைந்தாலும், பாதுகாப்புக் கருதி முற்றிலும் ஒதுக்கிவிட்டேன்.

இவ்விரண்டையும் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள், முதல் ரைஃபிளாக எதை, எந்தக் காரணத்தால் பரிந்துரைப்பீர்கள்?