தண்ணீரில் பிரசவம்: எப்போது இறங்குவது, எப்போது எழுந்துவிடுவது?

மழைத்துளி கேட்டது:

35 வாரம் முடிந்துவிட்டது, இது இரண்டாவது குழந்தை. முதலாவது சுகப்பிரசவம், கொஞ்சம் தையல் போட்டார்கள். பிபி, சர்க்கரை சரியாக இருக்கிறது. குழந்தையின் தலை கீழே திரும்பிவிட்டது. பிரசவ மையத்தில் தொட்டி இருக்கிறது, தண்ணீரிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று மருத்துவச்சியும் சொல்லிவிட்டார்.

கருப்பைவாய் எத்தனை செ.மீ. திறந்தபிறகு தொட்டியில் இறங்க வேண்டும்? சீக்கிரம் இறங்கினால் வலி நின்றுபோகும் என்பது உண்மையா? தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கலாம்? குழந்தை தண்ணீருக்குள் மூச்சு இழுத்துவிடாதா? நஞ்சுக்கொடியும் தொட்டியிலேயே விழலாமா? அழகான வீடியோக்கள் நிறையப் பார்த்துவிட்டேன். எது தப்பாகப் போகும், ஏன் போகும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேறுகாலச்செவிலி எழுதியது:

முதல் கேள்விக்கு: வலி ஒழுங்காக, நெருக்கமாக வந்து, கருப்பைவாய் 4 முதல் 5 செ.மீ. திறந்தபிறகு இறங்குவதே நல்லது. வேகம் பிடிக்காத வலியில் வெந்நீரில் உட்கார்ந்தால் உடம்பு தளர்ந்து வலி இடைவெளி விட ஆரம்பிக்கும். அது ஆபத்து இல்லை, நேரம்தான் வீணாகும். அப்படி ஆனால் வெளியே வந்து அரை மணி நேரம் நடங்கள், சிறுநீர் கழியுங்கள், வலி திரும்பப் பிடித்ததும் இறங்குங்கள். நல்ல வலியில் இறங்கியவர்களுக்கும் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வேகம் குறையலாம். அதற்கும் இதே வழிதான். இரண்டாவது பிரசவம் என்பதால் உங்களுக்கு எல்லாம் வேகமாக நடக்கும். தொட்டி நிரம்பவே நேரம் பிடிக்கும், ஆகவே மையத்துக்குக் கிளம்பும்போதே போன் செய்து தண்ணீர் விடச் சொல்லிவிடுங்கள்.

சூட்டில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் அமைப்பு தண்ணீருக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 37.5 டிகிரி செல்சியஸ். தண்ணீரின் சூட்டையும் தாயின் உடல் சூட்டையும் மணிக்கு ஒரு முறை அளக்கச் சொல்கிறது. கை விட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, தெர்மாமீட்டர் வேண்டும். காரணம் இதுதான்: வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் சூடு எப்போதும் தாயைவிட அரை டிகிரி போல அதிகம். அதற்கு வியர்க்காது, சூட்டை வெளியேற்றத் தாயின் உடம்பைத்தான் நம்பியிருக்கிறது. தாய் சூடானால் குழந்தையின் இதயத்துடிப்பு 160-ஐத் தாண்டி ஓடும். அப்போது முதலில் செய்ய வேண்டியது தாயை எழுப்பிக் குளிரவைப்பது. வலி நேரத்தில் 36 டிகிரிகூடச் சிலருக்கு இதமாக இருக்கும். குழந்தை வெளிவரும் நேரத்தில் மட்டும் 37-ஐ ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆழம்: உட்கார்ந்தால் தண்ணீர் மார்பு வரை வர வேண்டும், வயிறு முழுக்க முங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் உடம்பின் கனம் தெரியாது, முட்டி போடவும் திரும்பவும் சுலபமாக இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் பாதிப் பலன்தான்.

குழந்தையின் மூச்சு பற்றி. கருப்பைக்குள் அதன் நுரையீரல் நீரால் நிரம்பியிருக்கிறது, ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியாக வருகிறது. முகத்தில் காற்று படுவது, குளிர்ச்சி, தொடுதல் ஆகியவைதான் முதல் மூச்சைத் தூண்டுபவை. இதமான தண்ணீருக்குள் யாரும் தொடாமல் வெளிவரும் ஆரோக்கியமான குழந்தைக்கு அந்தத் தூண்டுதல் இல்லை. ஆனால் ஆக்சிஜன் குறைந்து தவிக்கும் குழந்தை எங்கே இருந்தாலும் மூச்சு இழுக்கப் பார்க்கும். தண்ணீருக்கடியில் பிடிக்கும் டாப்ளரால் (குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் கைக்கருவி) வலி நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு முறையும், முக்கும் நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறையும் துடிப்பைக் கேட்பது இதற்காகத்தான். துடிப்பு இறங்கினாலோ, பனிக்குட நீர் பச்சையாகக் கெட்டியாக வந்தாலோ, ரத்தப்போக்கு தெரிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ தொட்டியை விட்டு எழுந்துவிட வேண்டும். விவாதத்துக்கு அங்கே இடமில்லை.

இன்னொன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். தலை வெளிவந்த பிறகு நீங்கள் எழுந்து, குழந்தையின் முகத்தில் காற்று பட்டுவிட்டால், திரும்ப உட்காரக் கூடாது. மிச்சம் நின்றபடியேதான். முகத்தில் பட்ட அந்தக் காற்று மூச்சைத் தொடங்கிவிட்டிருக்கும். மறுபடி முங்கினால் இழுப்பது தண்ணீரைத்தான்.

தாலாட்டு எழுதியது:

மேலே சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. தாய்மார்கள் தொட்டிக்குள் என்ன உணர்கிறார்கள் என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் அங்கேதான் எதிர்பார்ப்பு பிசகுகிறது.

வலி போய்விடாது. இடுப்பும் முதுகும் லேசாகும், இரண்டு வலிக்கு நடுவே உண்மையாகவே ஓய்வு கிடைக்கும், வலியின் உச்சி அப்படியேதான் இருக்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வும் வலி நேரத்தில் தண்ணீரில் இருந்தவர்களுக்கு எபிடியூரல் (முதுகுத்தண்டில் போடும் மரத்துப்போகும் ஊசி) தேவைப்படுவது குறைகிறது என்றுதான் சொன்னது, வலியே இல்லை என்று சொல்லவில்லை. தொட்டிக்குள் எபிடியூரல் போட முடியாது. முகமூடி வழியாக இழுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு சரிப்படும். பெத்திடின் மாதிரி வலி குறைக்கும் ஊசி போட்டிருந்தால் தொட்டியில் இறங்க இரண்டு மணி நேரமாவது ஆக வேண்டும், தூக்கக் கலக்கமும் தீர்ந்திருக்க வேண்டும்.

தலை இறங்கும்போது வரும் எரிச்சல் தண்ணீரில் கொஞ்சம் மட்டுப்படும் என்று பல தாய்மார்கள் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் உங்கள் கையையே கீழே வைத்து, தலை எவ்வளவு வந்திருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மருத்துவச்சி கை வைக்க மாட்டார், வாயால் மட்டுமே வழிநடத்துவார். தம் பிடித்து முக்காமல் சின்னச் சின்ன மூச்சாக விட்டால் தையலுக்கும் வேலை குறையும். முட்டி போட்டு, தொட்டி விளிம்பில் கைகளைச் சாய்த்துக்கொள்வது பலருக்கும் பிடித்த நிலை.

தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். வெந்நீரில் வியர்ப்பது தெரியவே தெரியாது, வலிக்கு ஒரு மடக்கு என்று யாராவது உறிஞ்சுகுழலை வாயருகே நீட்ட வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் தலை இறங்காது, அதற்காக எழுந்து போய் வருவதே நல்ல நடை. முக்கும்போது மலம் வருவது சகஜம், சின்ன வலைக்கரண்டியால் எடுத்துவிடுவார்கள். அதிகம் கலங்கினால் வெளியே வந்து தண்ணீரை மாற்ற வேண்டும்.

மழைத்துளி கேட்டது:

மிக்க நன்றி. நஞ்சுக்கொடி பற்றி யாரும் சொல்லவில்லையே? இன்னொன்று, தோழி ஒருத்தி காற்றடைக்கும் தொட்டியும் சூடாக்கும் பம்பும் தருகிறேன் என்கிறாள். வீட்டில் முன்கூட்டியே நிரப்பிச் சூடாக வைத்திருந்து, ஆரம்ப வலியை அதில் கழிக்கலாமா?

பேறுகாலச்செவிலி எழுதியது:

நாள்கணக்கில் சூடாக வைத்திருக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். 37 டிகிரியில், பம்பில் சுற்றிக்கொண்டே, குளோரினும் இல்லாமல் கிடக்கும் தண்ணீர் லெஜியோனெல்லா கிருமி வளர ஏற்ற இடம். 2014-இல் இங்கிலாந்தில் இப்படி முன்பே நிரப்பிய வீட்டுத் தொட்டியில் பிறந்த குழந்தைக்கு அந்தக் கிருமியால் நுரையீரல் தொற்று வந்தது. அதன்பிறகு அந்த நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை அப்படிப்பட்ட தொட்டிகளைத் தவிர்க்கச் சொன்னது. வலி வந்த பிறகு புதிதாக நிரப்புங்கள். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள், புதிய ஹோஸ், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உறை. தொட்டி 500 லிட்டர் பிடித்தால் தண்ணீர் மட்டுமே அரை டன், தளம் தாங்குமா என்று பாருங்கள். மருத்துவச்சி பக்கத்தில் இல்லாமல் வீட்டுத் தொட்டியில் நேரம் கழிப்பதும் சரியில்லை. இரண்டாவது குழந்தை காத்திருக்காது. ஆரம்ப வலிக்கு முதுகில் விழும் ஷவர் போதும்.

கொடிமுடிச்சு எழுதியது:

நஞ்சுக்கொடிக்கு முன்னால் தொப்புள்கொடி. தண்ணீர்ப் பிரசவத்தில் நான் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான்.

கொடியின் நீளம் சராசரியாக 50 முதல் 60 செ.மீ. சில குழந்தைகளுக்கு 35 செ.மீ.கூட இருக்காது. தண்ணீருக்கடியில் பிறந்த குழந்தையை ஆசையோடு ஒரே வீச்சில் மார்புக்குத் தூக்கும்போது குட்டைக் கொடி விண்ணென்று இழுபட்டு அறுந்துவிடலாம். பிரிட்டனில் 2015 முதல் 2022 வரையிலான பிரசவங்களை வைத்துச் செய்த பூல் ஆய்வு 2024-இல் வெளியானது. கடுமையான கிழிசலோ குழந்தைக்கான கெடுதலோ தண்ணீரில் அதிகமில்லை என்று காட்டிய அதே ஆய்வில், கொடி அறுவது மட்டும் தண்ணீரில் ஆயிரத்துக்குச் சுமார் 10, வெளியே 3. 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே 250 மி.லி. போலத்தான், ஒரு டம்ளர் அளவு. நாலு கரண்டி போனாலும் அதற்குப் பெரிய நஷ்டம்.

ஆகவே முகத்தைத் தாமதமில்லாமல், ஆனால் மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும். மருத்துவச்சியின் ஒரு கை கொடியைத் தொட்டபடி இருக்க வேண்டும். விறைப்பாகத் தெரிந்தால் குழந்தையை இழுக்காமல் தாய் தன் உடம்பை உயர்த்திக்கொள்ள வேண்டும், குழந்தையை வயிற்றோடு வைத்துக்கொண்டால் போதும். முகம் மேலே, உடம்பு வெந்நீருக்குள், தலையில் உலர்ந்த துணி. குழந்தை வந்ததும் தண்ணீரில் திடீரென்று சிவப்புப் புகைபோல் பரவினால் கொடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அறுந்திருந்தால் குழந்தைப் பக்கத்து முனையை விரலால் நசுக்கிப் பிடித்து உடனே கிளாம்ப் (கொடியை இறுக்கும் கவ்வி) போட வேண்டும். கிளாம்ப் தொட்டி விளிம்பிலேயே இருக்க வேண்டும், பக்கத்து அறை டிரேயில் இருந்து பயனில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் தண்ணீருக்கடியில் வெட்டுவதில்லை, வெளிவந்தபிறகு அவிழ்ப்பார்கள்.

நஞ்சுக்கொடியைத் தண்ணீரிலேயே விட அனுமதிக்கும் இடங்கள் உண்டு. நான் வெளியே வரச் சொல்வேன். 500 லிட்டர் தண்ணீரில் 300 மி.லி. ரத்தமா 800 மி.லி. ரத்தமா என்று கண்ணால் சொல்ல முடியாது. கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி தொடையில் போடுவதென்றாலும் வெளியே வந்தாக வேண்டும். எழும்போது ரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலை சுற்றும். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பிறகு காலை எடுத்து வையுங்கள்.

தலை வந்தபிறகு குழந்தையின் தோள் சிக்கினாலும் எழுந்து நிற்பதுதான் முதல் வேலை. ஒரு காலைத் தூக்கித் தொட்டி விளிம்பில் வைக்கும்போதே இடுப்பெலும்பின் கோணம் மாறிச் சில சமயம் தோள் விடுபடும். விடாவிட்டால் உடனே கட்டில். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2016-இல் வலி நேரத்தில் தண்ணீருக்குள் இருக்கலாம், குழந்தை பிறப்பது தண்ணீருக்கு வெளியே இருக்கட்டும் என்று எழுதியது. உங்கள் மருத்துவர் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு அடிப்படை உண்டு. மையத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: நான் மயங்கினால் தொட்டியிலிருந்து எப்படித் தூக்குவீர்கள், தூக்கும் வலையோ ஸ்லிங்கோ (தூக்குப்பட்டை) இருக்கிறதா, அதை வைத்துக் கடைசியாக எப்போது ஒத்திகை பார்த்தீர்கள்?