பழைய தந்திக் கீ: உங்களுக்கு நடந்தது என்ன?

மலைக்கோட்டைவாசி
காயலான் கடையில எடைக்குப் போட்டு வாங்கின பித்தளைக் கீ. புளி போட்டுத் தேச்சுப் பளபளன்னு ஆக்கி, அன்னிக்கு ராத்திரியே 40 மீட்டர் ஹாம் ரேடியோ அலைவரிசையில இறங்கிட்டேன். சிகியூ (யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடுறது) அடிச்சதும் ஒருத்தர் பதில் கொடுத்தார். நான் ஊர்ப் பேரை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அவர்கிட்டேருந்து மூணே எழுத்து: கியூஎஸ்டி (QSD). உன் கீயடிப்பு சரியில்லைன்னு அர்த்தம். ரெண்டு தடவை அடிச்சார். 15 வருஷமா சிடபிள்யூ (ரேடியோவில மோர்ஸ்) பண்றேன், ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல. டா (நீளத் தட்டு) அடிச்சா நடுவுல அறுந்து ரெண்டு டிட்டா (குட்டித் தட்டா) போயிருக்கு. வேற கீ மாட்டித் தேடினேன், ஆளைக் காணோம்.

செம்புக்கம்பி
புளியா? லாக்கர் பூச்சு இருந்திருந்தா போச்சு. புளித்தண்ணி பிவட்டுக்குள்ள (கீயோட கை ஆடுற அச்சு) இறங்கினா அது வேற தொல்லை. நானும் பாழாக்கினவன்தான். உப்புத்தாள் போட்டு வெள்ளிக் காண்டாக்டைக் (கீயை அமுக்கினா ஒட்டுற முனை) குழியாக்கிட்டேன், மாத்தித் தர ஆள் கிடைக்கல. அதனால சொல்றேன். தந்தி ஆபீஸ்ல அந்தக் கீ வழியா ஓடின கரண்ட் அதிகம், லேசான அழுக்கைத் தாண்டிப் போயிடும். இப்ப நம்ம ரிக் (ரேடியோ செட்) கீ லைன்ல விடுறது சில வோல்ட், ரொம்பச் சின்ன கரண்ட். கண்ணுக்குத் தெரியாத கறையே அதைத் தடுத்துடும். வெள்ளைப் பேப்பரை ஒரு துண்டு கிழிச்சு, கீயை மெதுவா அமுக்கிப் பிடிச்சு நடுவுல இழுங்க. கறுப்புக் கோடு வராத வரைக்கும் இழுங்க. அரம், உப்புத்தாள் ரெண்டும் வேண்டாம். பிவட் ஆடுதான்னும் பாருங்க. அப்புறம்தான் ஸ்பிரிங்.

தந்தி வீட்டுப் பிள்ளை
அப்பா தந்தி ஆபீஸ்ல சவுண்டர் (தந்தியை டக் டக்னு தட்டிக் காட்டுற கருவி) கேட்டு எழுதினவர். தானே அச்சடிக்கிற டெலிபிரிண்டர் வந்தப்புறம் கீயைத் தொட்டதே இல்ல. ரிக்ல வர்ற பீப் சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். "இது என்னடா விசில்"னு எழுந்து போயிட்டார். வருத்தமா இருந்துச்சு. இன்னொரு நாள் ரிக்கை அணைச்சுட்டு வெறும் கீயில பழகிட்டிருந்தேன், டக் டக் சத்தம் மட்டும். பக்கத்து ரூம்லேருந்து குரல்: "கியூவோட கடைசி டா பத்தல. இஸட்டா விழுது." சுவருக்கு அந்தப் பக்கம், படுத்த நிலையில. அந்தக் காலத் தந்திக்காரங்க படிச்சது தொனியை இல்ல. கீழ விழுற தட்டுக்கும் மேல வர்ற தட்டுக்கும் நடுவுல இருக்கிற நேரத்தை. அப்புறம் வந்து உட்கார்ந்து, கீயோட இடைவெளியை நான் வச்சிருந்ததுக்கு ரெண்டு மடங்கா திறந்துவிட்டார்.

வால்வு ராசு
செம்புக்கம்பி சொன்னது டிரான்சிஸ்டர் ரிக்குக்குச் சரி, எல்லாத்துக்கும் இல்ல. எங்கிட்ட இருந்தது கேதோடுல (வால்வோட ஒரு முனை) கீ பண்ற வால்வு டிரான்ஸ்மிட்டர், கீயிலயே பெரிய வோல்ட் நிக்கும். கட்டைவிரல் நாப்லேருந்து நழுவிப் பித்தளைக் கையில பட்டுச்சு. முழங்கை வரைக்கும் இழுத்துச்சு. பழைய கீயில எல்லா உலோகமும் திறந்த மேனி. கீயோட உலோகச் சட்டத்தோட சேர்ந்த முனையைத்தான் எர்த் பக்கம் கொடுக்கணும், நான் மாத்திக் கொடுத்திருந்தேன்.

மலைக்கோட்டைவாசி
செம்புக்கம்பி அண்ணே, பேப்பர் இழுத்தேன். நாலு தடவை கறுப்புக் கோடு, அஞ்சாவது சுத்தமா வந்துச்சு. கியூஎஸ்டி அடிச்சவரு இருந்தது 7020 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நாளைக்கு ராத்திரி அதே நேரத்துக்கு அதே கீயோட உட்காரப்போறேன்.