அந்த வீடியோவை நான் எடுத்திருக்கக் கூடாது

ரங்கூன் தம்பி:
2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்துக்கு மூன்றாம் நாள், அரிசியும் தண்ணீர் பாட்டிலும் ஏற்றிக்கொண்டு மாண்டலே போனோம். அங்கே இருந்த நிலைமை உங்களுக்கே தெரியும். இடிந்த வீட்டுக்கு எதிரே ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். போனைத் தூக்கினேன். பார்த்ததும் அழுகையை நிறுத்தி, தலையைக் கோதி, லுங்கியை இழுத்துச் சரிசெய்துகொண்டார். எடுத்தேன். கிடைத்த கொஞ்ச சிக்னலில் ஃபேஸ்புக்கில் போட்டும் விட்டேன். அப்புறம்தான் கேட்டார்: "இது வெளியே போகுமா? மகன் பாங்காக்கில் இருக்கிறான். அப்பா போனது அவனுக்கு இன்னும் தெரியாது." உடனே அழித்தேன். அதற்குள் நாற்பது பேர் பகிர்ந்திருந்தார்கள்.

பெகு அண்ணன்:
தம்பி, மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. படம் வெளியே வராவிட்டால் என்ன ஆகும் என்று 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் பார்த்தவன் நான். ஐராவதி டெல்டாவில் செத்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,30,000 பேருக்கு மேல். வெளிநாட்டு உதவிக் கப்பல்களை ராணுவ அரசு கரைக்கே விடவில்லை. தெருவோரம் ஒளித்து விற்ற சிடியில்தான் ரங்கூன்காரர்களே அதைப் பார்த்தோம். எடுத்தவன் புண்ணியவான்.

மோல்மேன் அக்கா:
அண்ணே, அந்த சிடியை நானும் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டார்கள். ஆற்றில் பிணங்கள். டெல்டாவில் இருக்கும் போகலே ஊர்க்காரர் ஒருவர் எழுந்து டிவிக்குக் கிட்டே போய் நின்று, ஒவ்வொரு முகமாகத் தேடினார். அதைப் பார்த்த பிறகு புண்ணியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தம்பி, இனிப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அரிசி மூட்டையோடு நிற்பவரிடம் யாரும் "எடுக்காதே" என்று சொல்லமாட்டார்கள். அதனால் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிட்டு, பிறகு கேளுங்கள். சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய்விட்டதா என்றும் கேளுங்கள். குழந்தைகள் முகம் வேண்டவே வேண்டாம். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஃபேஸ்புக் பதிவுக்கே ஆளைப் பிடிக்கிறார்கள், முகமும் தெருவும் தெரிந்தால் அவர்களுக்குத்தான் ஆபத்து. இடிந்த சுவரை எடுங்கள், தண்ணீருக்கு நீளும் கைகளை எடுங்கள். அதற்கும் உதவி வரும்.

ரங்கூன் தம்பி:
அக்கா, அப்போது என் தோளில் மூட்டை இருந்தது. அதனால்தான் லுங்கியைச் சரிசெய்துகொண்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. அண்ணே, அந்த வீடியோவைப் பார்த்துப் பணம் அனுப்பியவர்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அன்றிரவே பாங்காக்கிலிருந்து பர்மிய மொழியில் ஒரு மெசேஜ் வந்தது: "வீடியோவில் அம்மா மட்டும் இருக்கிறார். அப்பா எங்கே?"