மின்தேக்கியைப் 'பழக்கலாமா'? ரீஃபார்மிங்குக்கு ஒரு சொல்

நண்பர்களே,

பரணில் இருபது வருஷமாகத் தூங்கிய வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். முல்லார்ட் என்ற வால்வு கம்பெனி வெளியிட்ட 5-10 சர்க்யூட்டைப் பார்த்து யாரோ கையாலேயே கட்டியது. ஐந்து வால்வு, பத்து வாட், அதனால்தான் அந்தப் பெயர். செய்வதையெல்லாம் தமிழில் குறிப்பெழுதி வருகிறேன். பெருக்கி, மின்மாற்றி, மின்தேக்கி எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன, 'ரீஃபார்மிங்' வந்ததும் பேனா நின்றுவிட்டது.

பவர் சப்ளையில் இருக்கிற டப்பா மின்தேக்கி (பழைய மெக்கானிக்குகள் வாயில் கண்டன்சர்) உள்ளே அலுமினியத் தாள், அதன்மேல் ஆக்சைடு படலம். மின்காப்பே அந்தப் படலம்தான், 450 வோல்ட் தாங்குகிற மின்தேக்கியிலும் அது ஒரு மைக்ரான் தடிமன்கூட வராது. வருஷக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் படலம் அங்கங்கே கெட்டுக் கசிவு கூடிவிடும், அப்படியே பிளக்கைச் செருகினால் சூடேறி, வாயு கிளம்பி, டப்பா வீங்கி வெடிக்கவும் செய்யும். அதனால் கழற்றியெடுத்து, தனியாக ஒரு டி.சி. சப்ளையில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜை ஏற்றிப் படலத்தைத் திரும்ப வளர்க்கவேண்டும்.

இதுதான் ரீஃபார்மிங். இதைச் 'சீர்திருத்தம்' என்றால் சீர்திருத்தத் திருமணம்தான் ஞாபகம் வருகிறது. 'மீளுருவாக்கம்' என்றால் கோயில் கோபுரத்துக்கும் சொல்லலாம், பல்லியின் வாலுக்கும் சொல்லலாம். என் யோசனை 'பழக்குதல்'. புது தோசைக்கல்லைக் கஞ்சித்தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்துப் பழக்குகிறோமே, அங்கேயும் மெதுவாக ஒரு படலம்தான் ஏறுகிறது. கல்லை ரொம்ப நாள் சும்மா போட்டுவைத்தால் திரும்பவும் பழக்கவேண்டும். வேறு என்ன வேண்டும்?

----------

> என் யோசனை 'பழக்குதல்'.

தம்பி, கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் புது ஸ்பீக்கரைச் சில நாள் ஓடவிட்டு கோனைத் தாங்குகிற விளிம்பின் விறைப்பைத் தளர்த்துவதையும் நாங்கள் பழக்குவது என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே எதுவும் வளர்வதில்லை. அப்புறம், தொழிற்சாலையில் முதல் தடவை படலம் ஏற்றுவதற்குப் பெயர் ஃபார்மிங், நீங்கள் செய்வது இரண்டாம் தடவை. ஜோடி தெரியவேண்டாமா? படலமாக்கல், மறுபடலமாக்கல் என்று வைத்தால் படிக்கிறவனுக்குக் குழப்பம் இல்லை.

சொல் கிடக்கட்டும், ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு சிக்னலை மட்டும் கடத்துகிற கப்ளிங் கண்டன்சர்களை மாற்றினீர்களா? பழைய மெழுகுக் காகிதச் சரக்கு கசிந்தால் கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டுகிற இஎல்84 வால்வின் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி பிளேட் சிவந்துவிடும். அதில் ஆக்சைடு படலமே கிடையாது, எத்தனை நாள் பழக்கினாலும் திருந்தாது. இன்னொன்று, பெட்டியோடு வேரியாக்கில் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற மின்மாற்றி) போட்டு மெதுவாக ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஏ.சி.யை டி.சி. ஆக்குகிற ரெக்டிஃபையரும் வால்வு என்பதால் ஹீட்டர் போதுமான அளவு சூடாகிற வரை மின்தேக்கிக்கு ஒன்றும் போய்ச் சேராது, சூடானதும் ஒரேயடியாக ஏறிவிடும்.

----------

ஐயா, காகித வகை எல்லாவற்றையும் கழற்றிப் புது ஃபிலிம் கண்டன்சர் போட்டாயிற்று.

ஜோடி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், தொழிற்சாலை வேலைக்குப் படலமாக்கல் இருக்கட்டும். 'மறுபடலமாக்கல்' மட்டும் தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது. 'மறுபடலமாக்கப்படாத மின்தேக்கி' என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும். பழக்கு என்றால் பழக்கினேன், பழக்காத மின்தேக்கி, பழக்கிப் பார் என்று எப்படியும் வளைகிறது. ஸ்பீக்கருக்கு நீங்களே எழுதிய 'தளர்த்துவது' என்பதையே வைத்துக்கொள்ளலாமே, நடப்பதும் அதுதான். கலைச்சொல் பட்டியலில் போடும்போது மட்டும் 'படலப்பழக்கல்' என்று முழுசாக எழுதுவோம்.

இப்போதைக்கு என் குறிப்பில் இருப்பது: "மூன்று மின்தேக்கிகளையும் 350 வோல்ட் வரை ஒரு நாள் முழுக்கப் பழக்கினேன். இரண்டில் கசிவு அரை மில்லியாம்பியருக்குக் கீழே வந்தது. மூன்றாவது பழகவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன்."