கேப்ரிகா தேறுமாங்க?

திருப்பூர்க்காரன்: பேட்டில்ஸ்டார் கலாக்டிகாங்கற அமெரிக்க விண்வெளி டிவி தொடர் முழுசும் பார்த்தாச்சுங்க. அதுக்கு முன்கதையா 2010-ல வந்த கேப்ரிகா தேறுமா? ஏன் ஒரே சீசன்ல மூடிட்டாங்க?

கோபி வாசி: தாராளமா பாருங்க, ஆனா விண்வெளிச் சண்டைய எதிர்பார்த்து உக்காராதீங்க. கலாக்டிகா கதைக்கு 58 வருசம் முந்தி நடக்குது. ரயில் குண்டுவெடிப்புல செத்த ஜோயியோட டிஜிட்டல் நகல அவ அப்பா டேனியல் கிரேஸ்டோன் ரோபோவுக்குள்ள ஏத்தப் பாக்குறாரு. கலாக்டிகாவுல மனுசங்களோட போர் பண்ற சைலான் ரோபோக்களோட ஆரம்பம் அங்கதான். அந்த இரும்பு உடம்பு நிக்கிற எடத்துல சில ஷாட்ல ஜோயியவே நிறுத்திக் காட்டுவாங்க, அது அருமைங்க.

பொள்ளாச்சி: அருமைதானுங்க, ஆனா இழுவை. கம்பெனித் தகராறு, டாரான் கிரகத்து ரவுடிக் கும்பல், ஒத்தக் கடவுள் கூட்டம், மெய்நிகர் உலகம்னு அத்தனையும் ஒண்ணா ஓட்டுனா எது நகரும்? போர் கேட்ட பழைய ரசிகனும் நிக்கல. 2010 அக்டோபர்ல நிறுத்திட்டாங்க. மிச்ச 5 எபிசோடு அமெரிக்க டிவியில 2011 ஜனவரியிலதான் வந்துச்சு.

கோபி வாசி: பைலட்டுங்கற நீளமான முதல் எபிசோட விட்றாதீங்க, குண்டுவெடிப்பே அதுலதான் வருது. கடைசி எபிசோடு முடிவுல வர்ற காட்சித் தொகுப்பு எடுக்காமப் போன மீதிக் கதைக்கு ஒரு தடயம். பாதியில அணைச்சறாதீங்க.