முதியோர் இல்லம் கட்டும் முன் ஊரில் ஓர் ஆள் வைப்போம்

வேலூர்ப் பக்கத்து நம்ம ஊரை விட்டு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சங்கத்து அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

சித்திரையிலிருந்து நம்ம சங்கக் குழுவில் ஊரில் முதியோர் இல்லம் கட்டும் பேச்சுதான் ஓடுகிறது. ஏரிக்கரை ஓரம் இடம் கிடைக்கும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிடலாம், திறப்பு விழாவை அம்மன் சிரசுத் திருவிழாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். பெற்றவர்களை நினைத்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம்ம ஊரில் வயசானவர்களுக்கு இருக்க இடம் இல்லை என்ற குறை கிடையாது. பாதி வீடு பூட்டியே கிடக்கிறது. குறை ஆளுக்குத்தான். பிள்ளை குவைத்தில், பொண்ணு பெங்களூரில், பக்கத்தில் இருக்கிற மருமகளும் விடிந்தால் ஆம்பூர் ஷூ கம்பெனி வண்டி ஏறிவிடுகிறாள். மாத்திரை தீர்ந்தால் வாங்கி வர, கண்ணில் புரை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க ஆள் இல்லை. அரசாங்கம் தருவதும் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) போன்ற இடங்கள் தருவதும் நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. அது திண்ணை வரைக்கும் வந்து சேர்வதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். போன திருவிழாவுக்கு வந்திருந்தபோது மேட்டுத் தெருவில் ஒரு தாத்தாவைப் பார்க்கப் போனேன். கைலி நெய்தே பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர், பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. ஏதோ ஒரு முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி வாசலில் தகரக் கொட்டகைக்கு அடியில் நிற்கிறது, உட்காரும் இடத்தில் வேர்க்கடலை மூட்டை. தாத்தா உள்ளே கயிற்றுக் கட்டிலில். "உள்ள வர மாட்டேங்குது கண்ணு, என்னா பண்றது" என்கிறார் ஆயா. டேப் வாங்கி வந்து அளந்தேன். தள்ளும் வளையத்தோடு நாற்காலி 26 அங்குலம், வாசக்கால் 24 அங்குலம். அதற்கு மேல் தெருவிலிருந்து நிலைப்படி ஓர் அடி உயரம். நாற்காலி ஏறும் சரிவு போட வேண்டுமென்றால் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், அது தெருவையே மறித்துவிடும். ஆனால் பின்பக்கம் தோட்டத்து வாசல் அகலம், அங்கே படியும் அரை அடிதான். ஆறு அடியில் சிமெண்ட் சரிவு போட்டால் தாத்தா காலையில் வேப்பமரத்து நிழலில் வந்து உட்காரலாம், குளியலுக்கும் தூக்கிப் போக வேண்டாம். கொத்தனாருக்கு அது ஒரு நாள் வேலைக்கு மேல் இல்லை. நாற்காலியைக் கொடுத்தவர்கள் யாரும் வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை, அதனால் யாருக்கும் இது தோன்றவில்லை.

அதே வீட்டில் இன்னொன்று. தாத்தாவுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழே எடுக்கவில்லை. பக்கவாதம் நோய்தானே, பிறவியிலேயே கால் வராதவர்களுக்குத்தானே சான்றிதழ் என்று மகன் நினைத்துக்கொண்டிருக்கிறார். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் இருக்கின்றன. பக்கவாதத்தால் கை, கால் வராமல் போனாலும் அது இயக்கக் குறைபாட்டுக் கணக்கில் வரும், பார்க்கின்சனும் பட்டியலில் இருக்கிறது. வைத்தியம் பார்த்து நிலைமை ஒரு அளவுக்கு நின்ற பிறகு அரசு டாக்டர் பார்த்து 40 சதவீதத்துக்குக் குறையாமல் எழுதினால் தேசிய அடையாள அட்டை கிடைக்கும். அதை வைத்துத்தான் மற்ற எல்லாம். வசதி இல்லாத குடும்பத்துக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 1,500 ரூபாய், முதியோர் உதவித்தொகை அதே வருஷம் 1,200 ஆனது. கடுமையான பாதிப்பு, மனவளர்ச்சிக் குறைபாடு, தசைச்சிதைவு, முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் இவர்களுக்கெல்லாம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய் தனியாக இருக்கிறது. ஒருவர் இதில் ஏதாவது ஒன்றைத்தான் வாங்க முடியும், அதனால் எதற்கு மனு போடுவது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். அட்டை இருந்தால் டவுன் பஸ்ஸில் துணைக்கு வருகிறவருக்கும் சேர்த்து டிக்கெட் இல்லை, இது நம்ம தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வேலூர்க்காரர்களாகிய நமக்கு இந்த விஷயம் புதுசாக இருக்கவே கூடாது என்பதுதான் என் ஆதங்கம். டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், அப்புறம் அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். 1966இல் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் திறந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று நோயாளியோடு வீட்டாரையும் வைத்துப் பழக்குகிற இடம் அது. கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி 1955இலிருந்து இருக்கிறது, உணர்ச்சி இல்லாத காலுக்கு ஏற்ற மெத்தென்ற செருப்பும் செயற்கைக் காலும் அங்கே செய்து தருகிறார்கள். கே.வி.குப்பத்தில் சி.எம்.சி.யின் கிராம நலப் பிரிவான ரூசா 1977இலிருந்து வேலை செய்கிறது, கிராமத்து முதியோர்களுக்குப் பகல் மையம் வைத்து மதியச் சாப்பாடு போடுகிறார்கள், சாயங்காலம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கு வேலூரிலேயே முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டத்தின் (ஈ.சி.எச்.எஸ்.) பாலிகிளினிக் இருக்கிறது. உலகத்தில் எங்கிருந்தோ ஜனங்கள் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் இருக்கிற நம்ம தாத்தா கட்டிலிலேயே கிடக்கிறார்.

நான் இங்கே அமெரிக்காவின் ஒகையோவில் முதியோர் சேவை அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1965இல் முதியோர்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள், 1973இல் அதைத் திருத்தி வட்டாரத்துக்கு ஒரு முகமை என்று நாடு முழுக்க அமைத்தார்கள். இந்த முகமைகளின் வேலை, முதியவரையும் உதவி தருகிறவர்களையும் கோர்த்துவிடுவதுதான். யாராவது போன் செய்தால் ஒருவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுவார், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா, சமைக்க முடிகிறதா, மாத்திரையைச் சரியாகப் போடுகிறாரா என்று பார்ப்பார், பிறகு சாப்பாடு, ஆஸ்பத்திரி வண்டி, வீட்டு வேலைக்கு உதவி என்று எது யாரிடம் கிடைக்குமோ அதை ஏற்பாடு செய்வார். இங்கேயும் காத்திருப்புப் பட்டியல் உண்டு, எல்லாம் உடனே நடந்துவிடாது. ஆனாலும் ஒரு கிழவி தனியாக எந்த ஆபீஸ் எங்கே என்று அலைய வேண்டியதில்லை. ஊரில் நமக்கு வேண்டியது இந்த ஒரு ஆள்தான்.

அரசாங்கம் செய்யட்டுமே என்று சிங்கப்பூர் அண்ணன் கேட்டிருந்தார். செய்கிறார்கள் அண்ணே. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் வந்தது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறை சிகிச்சையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதும் அதிலேயே உண்டு. மேட்டுத் தெரு தாத்தாவுக்கு மாத்திரை வருகிறது, இயன்முறை சிகிச்சை வருவதில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த விரலில் கைரேகை விழாமல் பல ஆயாக்கள் ரேஷன் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வருகிறார்கள். கடைக்கு வர முடியாதவர்கள் தனக்குப் பதிலாக இன்னார் வாங்குவார் என்று எழுதிக் கொடுக்கப் படிவம் இருக்கிறது, அதை நிரப்பித்தர யாருமில்லை. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் என்று 70 வயசு தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவர ஆரம்பித்தார்கள், நம்ம வீட்டுப் பெரியவர் பெயர் அதில் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டுப் பார்க்க வேண்டாமா? மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567, காலை 8 மணியிலிருந்து ராத்திரி 8 வரை. இதை இப்போதே எழுதிப் பெற்றோர் வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், போன் போட்டுப் பேசத் தெரியாதவர்களுக்காக அக்கம் பக்கத்திலும் சொல்லி வையுங்கள்.

மாமியார் வீடு ஆம்பூர், வாணியம்பாடி, வாலாஜா பக்கம் இருக்கிறவர்கள் கவனியுங்கள். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றானது. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர், வாலாஜாவுக்கு ராணிப்பேட்டை. பழைய நினைப்பில் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸுக்குப் பெரியவர்களை அனுப்பி அலைய விடாதீர்கள். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு, காட்பாடி, பேரணாம்பட்டு இன்னும் வேலூரில்தான்.

சொத்து விஷயம் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் பலர் இருக்கிற ஒரே வீட்டையும் கழனியையும் பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டுக் கையேந்தி நிற்கிறார்கள். எழுதுவதானால் கடைசி வரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து பார்க்காமல் விட்டால் 2007ஆம் வருஷப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் பராமரிப்புத் தொகை கேட்டு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமக்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. நம்மில் பலரும் அதில் அடக்கம்.

எனக்கு ராத்திரி தூக்கம் வராமல் செய்கிற வீடு கீழ்த் தெரு அத்தை வீடு. மனவளர்ச்சி குறைந்த மகன், நாற்பது வயசு ஆகிறது, அத்தை ஊட்டினால்தான் சாப்பிடுவான். மாமா போய்விட்டார். "எனக்கு முன்னாடி அவன் போயிடணும் கண்ணு" என்று ஒரு தாய் வாயால் சொல்கிறாள், கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. பதினெட்டு வயசுக்கு மேல் அம்மா என்பதாலேயே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இல் வந்தது, கலெக்டர் தலைமையில் மாவட்டக் குழு ஒன்று இருக்கிறது, அதில் விண்ணப்பித்து அத்தை தன்னைக் காப்பாளராகப் பதிந்துகொள்ளலாம், அவருக்குப் பிறகு யார் என்பதையும் இப்போதே சொந்தக்காரர்களிடம் பேசி முடிவு செய்ய ஆரம்பிக்கலாம். நிராமயா என்ற காப்பீடும் அதே சட்டத்தின் கீழ் 1 லட்சம் ரூபாய் வரைக்கும் இருக்கிறது. அத்தைக்கு இதில் ஒரு வார்த்தைகூட யாரும் சொன்னதில்லை. நாம் கட்டப்போகிற இல்லத்தில் அந்தப் பையனைச் சேர்த்துக்கொள்வோமா என்று யாராவது யோசித்தீர்களா?

சரி, நான் கேட்பது இதுதான். ஊரிலேயே இருக்கிற இரண்டு பெண்களை வேலைக்கு வைப்போம். பிளஸ் டூ படித்திருந்தால் போதும், ஸ்கூட்டி ஓட்டத் தெரிய வேண்டும், எல்லாத் தெருவுக்கும் எல்லா வீட்டுக்கும் தயங்காமல் போய் வருகிறவர்களாக இருக்க வேண்டும். காலனிக்குப் போக மாட்டேன் என்கிறவர்கள் வேண்டவே வேண்டாம். மாதம் ஆளுக்கு 15,000 சம்பளம், பெட்ரோல் தனி. முதல் மூன்று மாதம் வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதட்டும்: யார் தனியாக இருக்கிறார்கள், என்ன மாத்திரை, அட்டை இருக்கிறதா, உதவித்தொகை வருகிறதா, கக்கூஸுக்குப் போக எத்தனை படி. பிறகு இ-சேவை மையம், வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு, திங்கட்கிழமை மனு நாள், ஆஸ்பத்திரித் துணை என்று அவர்கள் ஓடட்டும். இரண்டு பேரையும் முதலில் பாகாயத்துக்கும் ரூசாவுக்கும் அனுப்பி நாலு நாள் பார்த்துவிட்டு வரச் சொல்லலாம், அனுமதி கேட்டு எழுதுவது என் பொறுப்பு.

இல்லம் கட்டினால் கட்டடத்தோடு செலவு நிற்காது. சமையல், ராத்திரி ஆள், பதிவு, தண்ணீர், கரண்ட் என்று மாசா மாசம் போய்க்கொண்டே இருக்கும், இருபது பேருக்கு மேல் அங்கே வைக்க முடியாது, அதிலும் நம்ம ஆயாக்கள் சொந்த வாசலை விட்டுவிட்டு வர மாட்டார்கள். ஒருவருமே பார்க்க ஆளில்லாதவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்பது உண்மை, அவர்கள் எத்தனை பேர் என்று நோட்டு எழுதி முடித்தால் தெரியும், அதைப் பார்த்துவிட்டு இல்லத்தைப் பற்றிப் பேசுவோம்.

பொருளாளர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிறு ஜூம் கூட்டத்தில் இல்லத்துக்கான தீர்மானத்தை ஓட்டுக்கு விடுவதற்கு முன்னால் இதையும் எடுத்து வையுங்கள். முதல் ஆறு மாதச் சம்பளத்தில் ஒரு பெண்ணின் பங்கை நான் ஏற்றுக்கொள்கிறேன், இன்னொருவருடையதை யாராவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் உங்கள் நைனா, அம்மா, சித்தப்பா, பெரியம்மா இவர்களுக்கு அட்டை இருக்கிறதா, யார் கூடத் தங்கியிருக்கிறார்கள் என்பதை எனக்குத் தனி மடலில் எழுதுங்கள், குழுவில் போட வேண்டாம், அவர்கள் வீட்டு விஷயம் ஊருக்கே தெரிய வேண்டியதில்லை. கொத்தனார் யாரையாவது தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள். மேட்டுத் தெரு தாத்தா வீட்டுத் தோட்டத்து வாசலை மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், பணம் நான் அனுப்புகிறேன்.