பாலம் ஏறும்போது வண்டி நின்றுவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம். மஸ்கட்டில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். 6 வருடமாக ஆட்டோமேட்டிக், இடதுபக்க ஸ்டியரிங். விடுமுறைக்குக் கடலூர் வந்து, அப்பாவைப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப்போக 2012 வேகன் ஆர் பெட்ரோல், கியர் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஓட்டியது 78,000 கி.மீ. இந்திய லைசென்ஸ் இருக்கிறது.

சமதளத்தில் இப்போது பழகிவிட்டது. இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போடுவதுகூட நின்றுவிட்டது. ஆனால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கிளம்பி கெடிலம் பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ் நின்றால் போதும், மறுபடி எடுக்கையில் வண்டி உதறி அணைந்துவிடுகிறது. ஏசி போட்டிருந்தால் கட்டாயம் அணைகிறது. நேற்று ஒரு முழம் பின்னால் உருண்டு, பின்னால் நின்ற ஷேர் ஆட்டோவில் இடிக்கப் பார்த்தது. கருகிய வாடை வேறு. அப்பா கதவுக் கைப்பிடியை விடவே இல்லை.

10 நாள் டிரைவிங் ஸ்கூல் போனேன். ஹேண்ட் பிரேக் பிடித்து எடுத்துப் பார்த்தேன், பாதி தடவைதான் சரியாக வருகிறது. கிளட்ச் கேபிள் டைட் செய்தாயிற்று, பிளக் புதுசு, இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியும் சுத்தம் செய்தாயிற்று. கிளட்ச் பெடல் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் உடனே அணைகிறது, அப்படியென்றால் கிளட்ச் பிளேட் வழுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஆனாலும் மெக்கானிக் கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்கிறார்.

மஸ்கட்டுக்குத் திரும்ப 3 வாரம்தான் இருக்கிறது. கிளட்ச் செட்டை மாற்றுவதற்கு முன் வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?